இடப்பக்கக் கறுப்பு

மே 3, சனி

பள்ளி விடுமுறை விட்டதிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இன்று காரைக் கழுவினேன். வெள்ளைக் கார் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கறுப்புப் பிளாஸ்டிக்தான் பார்க்கச் சகிக்கவில்லை. பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கரங்களுக்கு மேலே வளைந்து போகும் பட்டை, கதவுகளின் குறுக்கே ஓடும் பட்டை, பக்கக் கண்ணாடிகளின் கூடு எல்லாம் திருநீறு பூசியது மாதிரி வெளுத்திருக்கின்றன. தண்ணீர் பட்டால் கறுப்பு. காய்ந்தால் மறுபடியும் சாம்பல். தகட்டின் பெயின்ட் அப்படியே இருக்க, பிளாஸ்டிக் மட்டும் ஏன் வெளுக்கிறது? நான் அறிவியல் எடுக்கும் எட்டாம் வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

மில் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு இவர் வந்தார்.

"ஏனுங்க, இதுக்கெல்லாம் நம்மளே பெயின்ட் அடிக்கலாமுங்களா?"

"அத எதுக்கு நோண்டற? வெயில்ல நிக்கற வண்டி வெளுக்கத்தாஞ் செய்யும்."

"நோண்டித்தான் பாப்பமே."

என்னைத் தாண்டிப் போனவர், கால் பட்டு வாளியைக் கவிழ்த்துவிட்டார். "இத ஆரு இங்க வெச்சது?" என்றார். நான்தான். மகள் கௌசிகா பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்.

மே 4, ஞாயிறு

காலையில் உட்கார்ந்து படித்தேன். தகட்டின் மேல் பெயின்ட் இருக்கிறது. பிளாஸ்டிக்கின் மேல் ஒன்றும் இல்லை. கறுப்பே அதன் உடம்பு. வெயில் அதன் மேல்தோலை உடைத்துப் பொடியாக்கிவிடுகிறது. நாம் பார்க்கும் வெண்மை அந்தப் பொடி. அடியில் கறுப்பு அப்படியே இருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. ஜூனில் பாடம் எடுக்கும்போது இதைச் சொல்வேன்.

இவரிடமும் சொன்னேன். "அப்டீங்களா டீச்சர்" என்றார் சிரித்துக்கொண்டே. அவருக்கும் ஜூனில் புது வேலை. மில் முதலாளி கட்டியிருக்கும் பள்ளிக்கூடம் திறக்கிறது. பிள்ளைகளை ஏற்றிவர யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது, முதலாளி யோசிக்காமல் இவர் பேரைச் சொன்னாராம். சொல்லமாட்டாரா? முன்னறைச் சுவரில் மில் கொடுத்த கேடயம் தொங்குகிறது. 'விபத்தில்லா ஓட்டுநர் திரு. தெய்வசிகாமணி.'

மே 6, செவ்வாய்

பெயின்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் கேட்டதைத் தராமல் வேறு ஒரு டப்பாவைத் தந்தார்.

"இது பிளாஸ்டிக் பிரைமருங்க. இத மொதல்ல அடிச்சரோணும். அந்தப் பிளாஸ்டிக்குல எதுவுமே ஒட்டாதுங்க. பெயின்ட்டு நேரா அடிச்சா, ஒரு மழைக்கு உரிஞ்சு வந்துரும்."

ஏன் ஒட்டாது என்று கேட்டேன். "அது அப்பிடித்தானுங்க" என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன். எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மாவு ஒட்டாத மாதிரி, அந்தப் பிளாஸ்டிக்குக்கு எதையும் பிடித்துக்கொள்ளும் குணம் கிடையாதாம். பிரைமர்தான் இரண்டையும் சேர்த்துவைக்கிறது.

கறுப்பு டப்பாக்கள், பிரைமர், உப்புத்தாள், ஒட்டும் டேப்பு எல்லாம் வாங்கி வந்துவிட்டேன். கறுப்பில் பளபளக்காத கறுப்பு என்று தனியாக இருக்கிறது.

மே 8, வியாழன்

வலப்பக்கத்தில் ஆரம்பித்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் கரைந்து ஓடுகிறது. அடியிலிருந்து கறுப்பு வருகிறது. படித்தது நிஜமாகவே நடக்கிறது. வலப்பக்கக் கதவுப் பட்டைகளில் கம்பெனியில் வார்த்தபோது விழுந்த தோல் மாதிரியான சொரசொரப்பு அப்படியே இருக்கிறது.

மதியத்துக்கு மேல் காற்று. உடுமலையில் மே மாதக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காற்றாலைக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். பெயின்ட் எல்லாம் காலையில்தான் அடிக்க முடியும்.

மே 10, சனி

இன்று இடப்பக்கம்.

முன்சக்கரத்துக்கு மேலுள்ள பட்டையைத் தேய்த்தேன். சாம்பல் கரைந்தது. கறுப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் கறுப்பும் கரைந்தது! அடியில் பழுப்பு. அதற்கடியில் மறுபடியும் ஒரு கறுப்பு. மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரி வரிவரியாக இருக்கிறது. விரலால் தடவினால் சொரசொரப்பே இல்லை, வழவழவென்று இருக்கிறது. பழுப்பு நிறத்தில் இருந்தது பட்டி. ஓட்டையோ விரிசலோ அடைத்துத் தேய்த்து மேலே கறுப்பு அடித்திருக்கிறார்கள்.

இந்தக் கார் நாங்கள் ஷோரூமிலிருந்து மஞ்சள், குங்குமம் வைத்து எடுத்து வந்தது. யார் அடித்தது?

மே 11, ஞாயிறு

லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடப்பக்கப் பட்டைகள் எல்லாவற்றிலும் வரிகள் இருக்கின்றன. முன்பட்டையில் அதிகம். இடப்பக்கக் கண்ணாடிக் கூடு கம்பெனிக் கூடே அல்ல. வலப்பக்கக் கூட்டின் உள்ளே சின்ன எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கின்றன, இதில் எழுத்தே இல்லை. பட்டிக்குள் வேறு வண்ணங்களும் புதைந்து கிடக்கின்றன. ஓரிடத்தில் பச்சைத் துணுக்கு. இன்னோரிடத்தில் செங்கல் தூள்.

சாப்பிடும்போது கேட்டேன்.

"கார் எப்பவாச்சும் இடிச்சுதுங்களா?"

"எதுக்குக் கேக்கற?"

"எடப்பக்கம் பட்டி பாத்திருக்குது."

"கல்லுகில்லு தெறிச்சிருக்கும். சைக்கிள்காரனுக ஒரசீட்டுப் போவானுக. அப்பப்ப நாந்தான் தொட்டுவிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லவேயில்ல?"

"இதெல்லாம் போயி சொல்லீட்டிருப்பாங்களா."

யோசித்தால் அவர் சொல்வது சரிதான். நாம் இடது ஓரமாகப் போகிறோம். முள், சுவர், சைக்கிள் எல்லாம் இடப்பக்கம்தான் இருக்கும். ஊரிலுள்ள எல்லாக் கார்களுக்கும் இடப்பக்கம்தான் அதிகம் உரசியிருக்க வேண்டும்.

மே 12, திங்கள்

காய்கறி வாங்கப் போன வழியில் நிற்கும் கார்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு பக்கமும் உரசியிருக்கின்றன. சிலவற்றில் வலப்பக்கம்தான் மோசம். ஒரு டாக்ஸிக்காரர் "என்னங்கம்மா தேடறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

மே 13, செவ்வாய்

பச்சை எது என்று கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் கேட்டின் பெயின்ட்தான். கேட்டைத் தாங்கும் தூணில், உள்ளே வரும்போது இடப்பக்கம் வருகிற தூணில், என் முழங்காலுக்குச் சற்று மேலே கறுப்புத் தீற்றல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக. அதன் மேல் சுண்ணாம்பு பூசியிருக்கிறது, அப்படியும் தெரிகிறது. பட்டையின் உயரத்தை அளந்து பார்த்தேன். சரியாக இருக்கிறது.

கண்டுபிடித்தபோது குதூகலமாகத்தான் இருந்தது. உள்ளே வந்து தண்ணீர் குடித்தபின் அது இல்லை.

லாரியும் பஸ்ஸும் ஓட்டி இத்தனை வருஷமான மனிதர், தன் வீட்டுக் கேட்டில் எப்படி இடிப்பார்? அதுவும் திரும்பத் திரும்ப ஒரே தூணில்?

மே 14, புதன்

வலப்பக்கத்துக்குப் பிரைமர் அடித்தேன். நன்றாக வந்திருக்கிறது.

மே 15, வியாழன்

இதை ஒரு சோதனை என்றே எழுதிவைக்கிறேன்.

காலையில் இவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று, சுவர்க் கடிகாரத்தைத் துடைப்பது மாதிரி, வலக்கையை அவருடைய வலத் தோளுக்கு அருகே நீட்டி விரல்களை ஆட்டினேன். "என்ன?" என்றார் உடனே. "ஒட்டடை" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து இடக்கையை இடத் தோளுக்கு அருகே, அதே தூரத்தில் நீட்டினேன். விரல்களை ஆட்டினேன். பேப்பரைத் திருப்பினார். கையை இன்னும் முன்னால் கொண்டுபோனேன். அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் கை ஆடிக்கொண்டிருந்தது.

அப்புறம் நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மே 16, வெள்ளி

காற்று. பெயின்ட் அடிக்கவில்லை.

மே 17, சனி

காற்று இல்லை. அடிக்கவில்லை.

மே 18, ஞாயிறு

உழவர் சந்தையில் சரசாளைப் பார்த்தேன். மில்லில் நூல் பிரிவில் வேலை செய்கிறவள், இவருடைய பஸ்ஸில்தான் தினமும் போகிறாள். அவள் மகன் என்னிடம் படித்தவன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "பஸ்ஸெல்லாம் சௌகரியமாப் போகுதா?" என்று கேட்டுவைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியுமுன்னு நெனச்சனுங்க."

"என்ன தெரியும்?"

"அண்ணனுக்கு எடப்பக்கம் அவ்வளவாத் தெரியறதில்லீங்க. நாங்க ஆராச்சும் ஒருத்தரு முன்னால எடப்பக்க சீட்டுல உக்காந்து சொல்லீட்டே வருவமுங்க. போலாமுங்கண்ணா, நில்லுங்கண்ணா, வண்டி வருதுன்னு. நாந்தானுங்க பெரும்பாலும்."

"அவரு சொல்லச் சொன்னாரா?"

"அவரு ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஒருக்கா பஸ் ஸ்டாப்புத் தூணு மேல ஒரசப் போச்சு. நான் கத்திப் போட்டேன். அடுத்த நாள்ல இருந்து நாங்களா உக்காந்துக்கிட்டோம். அண்ணன் மாதிரி ஆரும் ஓட்டமாட்டாங்க டீச்சர். கேட்டு வரைக்கும் கொண்டாந்து எறக்கி விடுவாரு. வேற டிரைவரு வந்தா ரோட்டுமேலயே எறக்கி விட்டுட்டுப் போயிருவானுங்க. அதான் ஆருகிட்டயுஞ் சொல்லல."

 தக்காளி வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஜூனில் அந்த சீட்டில் யார் உட்காருவார்கள்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையா?

மே 19, திங்கள்

சாயங்காலம் காருக்கு அருகே பலகை போட்டு உட்கார்ந்து இடப்பக்கப் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து நின்றார். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"எடது கண்ணு எப்ப இருந்து தெரியறதில்ல?"

 நிமிர்ந்து பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தார்.

"ஆரு சொன்னது?"

"இந்தப் பட்டை சொல்லுச்சு."

அவர் கேட்டருகே போய்த் திரும்பி வந்தார். "ஒரு நாள் சோத்தாங்கண்ணுல தூசி உழுந்துச்சு. கசக்கறதுக்கு அத மூடுனா, எதுத்தாப்ல ஒண்ணுமே காணம். பனி மூட்டமாட்டம் இருந்துச்சு. சரியாப் போயிரும்னு நெனச்சேன். மருந்துக் கடையில சொட்டு மருந்து வாங்கி உட்டுட்டிருக்கேன்."

"டாக்டர்கிட்டப் போகலீங்களா?"

"போனா லைசென்ஸ் போயிரும்."

"லைசென்ஸுக்கு செக்கப் பண்ணுனாங்கல்ல?"

"எழுத்துப் படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். ஒரு கண்ணுதான் படிக்குதுன்னு எழுத்துக்குத் தெரியுமா."

சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஏனுங்க, நாளைக்கே மில்லுல சொல்லீருங்க."

"ஜூன் வரைக்கும் ஓட்டறேன். அப்பறம் பாக்கலாம்."

"ஜூன்லதான் பொடுசுகள ஏத்தப் போறீங்க."

"கோதை, இந்த ஸ்டீரிங்க உட்டா நான் ஆரு? ஊட்ல உக்காந்து என்ன பண்ணச் சொல்ற?" குரல் உயர்ந்தது. இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. "இதுவரைக்கும் ஒரு ஈ காக்கா மேல பட்டிருக்குமா? சொல்லு."

உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவர் சாப்பிடவில்லை.

மே 20, செவ்வாய்

பேச்சில்லை. காப்பியை மேசைமேல் வைத்தேன். வலப்பக்கமாக வைத்தேன். அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். குடிக்காமல் போனார்.

மில் ஆபீஸுக்கு நானே போய்ச் சொல்லிவிடலாம். அவர் அங்கே தலைகுனிந்து நிற்பதை நினைத்தால் கால் எழவில்லை. நாளை பஸ்ஸில் ஏறி என் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மே 21, புதன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

விடிந்ததும் மெயின் ரோட்டு நிறுத்தத்தில் சரசாளோடு நின்றேன். பஸ் வந்தது. நான் ஏறுவதைப் பார்த்து இவர் முகம் இறுகியது. பெண்கள் இத்தனை பேர் முன்னால் என்னை இறக்கிவிட முடியாது. சரசாள் முன்சீட்டைக் காட்டி, "உக்காருங்க டீச்சர், இன்னிக்கு நீங்களே சொல்லுங்க" என்றாள். பின்னால் சிலர் சிரித்தார்கள்.

சொல்லிக்கொண்டு வந்தேன். "போலாமுங்க." "சைக்கிள் வருது." "போலாமுங்க." ஒவ்வொரு முறையும் மறுபேச்சில்லாமல் கேட்டார். நான் பார்த்திராத சிகாமணி அது. அவ்வளவு பெரிய வண்டி அவர் கையில் குழந்தை மாதிரி போயிற்று. பள்ளம் வருமுன்பே வேகம் குறைந்தது. ஒரு பாட்டியம்மாள் ரோட்டைக் கடக்கும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். நிறுத்தங்களில் ஏறுகிற ஒவ்வொருவரும் "அண்ணா" என்று சொல்லி ஏறினார்கள்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் இடதுபுறம் திரும்ப வேண்டும். அங்கேதான் நான் ரோட்டைப் பார்க்கவில்லை. ஸ்டீரிங்கை வளைக்கும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் சொல்லாததால் ஒன்றும் இல்லை என்று நினைத்திருக்கிறார்.

பின்னாலிருந்து சரசாள் அலறினாள். பிரேக் போட்டதில் எல்லோரும் முன்னால் சரிந்தோம். இடப்பக்கம் ஒரு மொபெட் மண்ணில் சாய்ந்து கிடந்தது. மாட்டுக்குக் கொண்டுபோன சோளத்தட்டுக் கட்டு அவிழ்ந்து ரோடெல்லாம் பரவியிருந்தது. ஓட்டி வந்தவர் வாய்க்கால் மேட்டில் கையூன்றி எழுந்துகொண்டிருந்தார். அடி எதுவும் இல்லை. பஸ்ஸின் சக்கரம் மொபெட்டின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

இவர் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி இடப்பக்கம் வந்தார். நானும் இறங்கினேன். மொபெட்காரர் நடுங்கிக்கொண்டே கத்தினார்.

"யோவ், கண்ணு தெரியுதா இல்லியா உனக்கு?"

இவர் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"தெரியலீங்க."

அந்த மனிதர் அதற்குமேல் கத்தவில்லை. கத்துவதற்கு அவரிடம் வேறு வார்த்தை இருந்திருக்கும். இவர் சொன்ன விதம் அப்படி. இவர் குனிந்து தட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். சரசாளும் இன்னும் சில பெண்களும் இறங்கிவந்து பொறுக்கினார்கள். கட்டி, மொபெட்டில் ஏற்றிவிட்டோம்.

பிறகு பஸ்ஸிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போன் செய்தார். "வேற டிரைவர அனுப்புங்க. நான் இனி ஓட்டறாப்ல இல்ல" என்றார். வேறு ஆள் வரும்வரை பெண்கள் எல்லோரும் வேப்பமர நிழலில் நின்றார்கள். யாரும் அவர்மேல் குறைசொல்லிப் பேசவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. சரசாள் மட்டும் தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். பேருக்கு ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

மே 26, திங்கள்

கோவையில் கண் ஆஸ்பத்திரி. ஒரு பெட்டிக்குள் தலையை வைத்து உட்காரச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே ஒளிப்புள்ளி வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு டக் டக்கென்று அழுத்தினார். இடது கண்ணுக்குக் கையில் பொத்தானோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலீங்களாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே இருந்த திரையில் புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்தன.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொன்றுவிட்டதாம். டாக்டர் சின்ன வயதுப் பெண், பொறுமையாகச் சொன்னார். "வலிக்காது. ஒரு கண் பார்க்காததையும் சேர்த்து இன்னொரு கண் பார்த்துவிடும். அதனால் தெரியாமலே போய்விடும். இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண்ணிலும் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. தினமும் மருந்து விட்டால் இதைக் காப்பாற்றலாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இதையும் இழந்திருப்பீர்கள்."

"பஸ் ஓட்டலாமுங்களா?" என்று கேட்டார். பதில் தெரிந்தும் கேட்டார்.

"கூடாதுங்க."

தலையை ஆட்டினார். ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மே 28, புதன்

சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன். விடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார், பச்சைப்பிள்ளை மாதிரி. மீதி நேரமெல்லாம் படுத்திருக்கிறார். கேடயத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். நான் எடுத்து மாட்டவில்லை. அது அவருடைய விஷயம்.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் இடப்பக்கப் பட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, இன்னொரு உப்புத்தாளை நனைத்தார்.

"அதில்ல, வட்டமாத் தேய்க்காத. நீள வாக்குல தேய்."

தேய்த்தேன். வரிகள் தெரிய ஆரம்பித்ததும் விரல் வைத்துக் காட்டினார். "இது நம்ம கேட்டு. இதும் கேட்டு. இந்தச் செங்கல்லு உங்க அக்கா ஊட்டுக் காம்பவுண்டு. நீங்க உள்ள பேசீட்டிருந்தீங்க. கண்ணாடிக் கூடு தாராபுரம் ரோட்டுல, ஒரு லாரியோட கொக்கி. அன்னிக்கு மட்டும் பயந்துட்டேன்."

"இதெல்லாம் எப்பத் தொட்டு விட்டீங்க?"

"நீ ஸ்கூலுக்குப் போனப்பறம்."

"நெம்ப நல்லாத்தான் பட்டி பாத்திருக்கீங்க."

"ஆமா, அதுல ஒரு கேடயம் குடுத்திருக்கலாம்."

பல நாள் கழித்து இன்றுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

பழைய பட்டியெல்லாம் போகும்வரை தேய்த்தோம். விரிசலை மறுபடி அடைத்து, காயவைத்து, பிரைமர் அடித்தோம். மெல்லிசாக அடிக்க வேண்டும், ஒரே தடவையில் மூடப் பார்த்தால் வழிந்துவிடும். டப்பாவைக் குலுக்கினால் உள்ளே குண்டு கலகலக்கிறது. டேப்பு ஒட்டுவது அவர், அடிப்பது நான். ஒட்டும்போது தலையை முழுக்க இடதுபக்கம் திருப்பி ஓரத்தைச் சரிபார்க்கிறார். மறைக்காமல் திருப்புகிறார். இதைப் பார்த்ததும், பெயின்ட் நெடி என்று சொல்லி எழுந்துபோனேன்.

ஜூன் 4, புதன்

இரண்டு பக்கமும் கறுப்பு அடித்து, டேப்பை உரித்துவிட்டோம். கார் கறுப்பும் வெள்ளையுமாக எடுப்பாக இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் வழவழப்பு, வலப்பக்கம் சொரசொரப்பு. லென்ஸ் இல்லாமல் யாருக்கும் தெரியாது.

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. என் பள்ளியும்தான், அந்தப் புதுப் பள்ளியும்தான். காலையில் அந்த மஞ்சள் பஸ் எங்கள் வீதியில் போனது. இவர் கேட்டருகே நின்று, அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்தார். "கிளட்ச்ச அமுத்தியே வெச்சிருக்கான்" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

எனக்கு லைசென்ஸ் உண்டு. எடுத்ததோடு சரி. இனி யாராவது ஓட்டத்தான் வேண்டும் என்று இன்று ஸ்டீரிங்கில் உட்கார்ந்தேன். நல்ல டிரைவர் நல்ல வாத்தியார் இல்லை. "என்னத்தப் பாக்கற? வண்டிய ஓட்டாத, ரோட்ட ஓட்டு" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம்? ரயில்வே கேட்டுவரை போய்வந்தோம். மூன்று முறை நின்றுபோனது.

ஜூலை 14, திங்கள்

மில்லில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஷெட்டில் பஸ்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. புது டிரைவர்களை வண்டியில் ஏற்றுமுன் இவரிடம்தான் அனுப்புவார்களாம். போகமாட்டேன் என்றார். மதியம் சட்டையை இஸ்திரி போட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

மூன்று மாதம் ஆகிவிட்டதால் கோவைக்குப் போய் வந்தோம். போகவும் வரவும் நானே ஓட்டினேன். வலது கண்ணில் அழுத்தம் இறங்கியிருக்கிறது, நரம்பு அப்படியே நிற்கிறது. டாக்டர், "இப்படியே விட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார். எங்களுக்கு அது போதும்.

திரும்பும்போது பொள்ளாச்சி ரோட்டில் நல்ல நெரிசல். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. ஆனாலும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு வருவது தெரிந்தது.

"என்னங்க? கியர் மாத்தோணுமா?"

"வேண்டாம். நல்லாத்தான் ஓட்டற."

"அப்பறம் எதுக்குப் பாக்கறீங்க?"

 ஒரு டிராக்டரைத் தாண்டிய பிறகு சொன்னார்.

"நான் ஓட்டறப்ப நீ இந்த சீட்டுல இருப்ப. பேசுனாத்தான் நீ இருக்கறன்னு தெரியும். பேசாம வந்தீன்னா, தூங்கறயா, கோவமா இருக்கயா, ஒண்ணுந் தெரியாது. திரும்பிப் பாத்தா ரோடு போயிரும். அதான் ஏதாச்சும் பேசு, ஏதாச்சும் பேசுன்னு சொல்லீட்டே இருப்பேன்."

பேசச் சொன்னது தூக்கம் வராமலிருக்க என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"எப்ப இருந்து?"

"கௌசிகாளக் காலேஜ்ல சேக்கப் போனமே, அப்பவே நீ தெரியல."

கௌசிகா படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள்.

"இப்பத் தெரியறனுங்களா?"

"மூக்குத்தி வரைக்குந் தெரியுது" என்றார்.

எதிரே ஒரு லாரி வழி கேட்டு விளக்கடித்தது. பின்னால் பஸ்.  இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். உடுமலை வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்தான் பேசிக்கொண்டே வந்தார்.